ஆறு மணிக்கு நிற்கும் குழாய்

என் கணவர் இறந்துபோய், முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரம் முல்லைத்தீவுக்குப் போனேன். சுற்றிப் பார்க்க இல்லை. அவர் மூச்சுக்கு வைத்திருந்த ஒட்சிசன் மெசினைக் கடற்கரைப் பக்கம் இருக்கும் மச்சாளிடம், அதாவது அவருடைய அக்காவிடம், கொடுக்கப் போனேன். மச்சாளுக்கும் அதே மூச்சு வருத்தம். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. இதை எழுதினால் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவும் என்று மகள் சொன்னாள், பிழையை அவளே திருத்தினாள்.

ஓமந்தையில் பகல் பன்னிரண்டரைக்கு பஸ். மாங்குளம் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர், நூற்று முப்பது ரூபாய். மெசின் பதினைந்து கிலோ. பக்கத்து இருக்கையில் வைத்தேன்.

"அம்மா, அதுக்கும் ரிக்கெற் போடவோ?" என்று கொண்டக்டர் சிரித்தார்.

"போடு தம்பி. அதுவும் ஒரு ஆள்தான்."

அவர் போடவில்லை. இறங்கும்போது தானே தூக்கித் தந்தார்.

மாங்குளத்தில் இரண்டு மணித்தியாலம் வெயிலில் காத்திருந்தேன். அங்கிருந்து முல்லைத்தீவு ஐம்பது கிலோமீற்றர், இருநூற்று இருபது ரூபாய். பிறகு ஓட்டோ ஆறு கிலோமீற்றர், எழுநூறு.

வழி முழுக்க ஒரே யோசனை. எங்கள் வீட்டில் ஒரு பின்னேரம் ஏழு மணிபோலக் கரண்ட் போனது, மெசின் நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோ வரமுதல் அவர் போய்விட்டார். மச்சாள் வீட்டிலும் ஒரு தரம் கரண்ட் போனால், மெசினை நம்பாமல் அவவை ஆஸ்பத்திரியிலேயே சேர்ப்பது என்று முடிவெடுத்திருந்தேன்.

போய்ச் சேர ஆறு இருபது. முகம் கழுவ முற்றத்துக் குழாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. களைப்பில் கத்திவிட்டேன்.

"இவ்வளவு தூரம் வந்து முகம் கழுவத் தண்ணியில்லையோ?"

"வாளியில பிடிச்சு வைச்சிருக்கிறன். கத்தாதை பிள்ளை, மூச்சுக் குறைவு எனக்குத்தான்" என்றா மச்சாள்.

பக்கத்து வீட்டு நேசன் அண்ணைதான் ஊர்த் தண்ணீர்த் திட்டத்தில் மோட்டர் போடுகிறவர். சத்தம் கேட்டு வேலிக்கு வந்தார்.

"பின்னேரம் எல்லா வீட்டிலையும் லைட், ரீவி, ஃபான். அதோட எங்கட மூண்டு மோட்டரும் ஓடினா லைன் தாங்காது தங்கச்சி, ஊரே இருட்டு. அதால பகலிலையே தண்ணித் தாங்கியை நிரப்பிப்போட்டு, ஆறிலயிருந்து ஒன்பது வரைக்கும் மோட்டரை நிப்பாட்டிறம். மோட்டர் ஓடாட்டி தாங்கித் தண்ணி இந்தக் கடைசி வீடுகளுக்கு வந்து சேராது."

"சனம் கோவிச்சுப் பேசாதோ?"

"பேசும். அஞ்சரைக்கு, வாளி நிரப்பச் சொல்லி சைக்கிள் மணி அடிச்சு அடிச்சுத்தான் வீட்டை வாறன். வாளி நிரப்பாத நாளில என்ர மனிசியே பேசுவா."

"எங்கட பக்கம் ஒருத்தரும் இப்பிடி நிப்பாட்டேல்லை" என்றேன்.

மெசினைப் போட்டு, மச்சாளின் மூக்கில் குழாயை மாட்டினேன். டோர்ச்சைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். ஏழு மணி. ஏழரை. ஒருமுறை லைட் மங்கியது. நான் எழும்பிவிட்டேன். திரும்ப வெளிச்சமானது. மெசின் நிற்கவில்லை. எட்டு. எட்டரை.

ஒன்பதுக்கு முற்றத்தில் சளசளவென்று சத்தம். குழாயைத் திறந்தவள் பூட்ட மறந்துபோனேன். மோட்டர் போட்டதும் தண்ணீர் கொட்டி வாசல்வரை வந்துவிட்டது.

"உன்ர செருப்புப் போகுது பிள்ளை, ஓடு!" மச்சாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்தும் மூச்சு இழுக்கவில்லை.

நான் உடனே ஓடவில்லை. அப்போதுதான் டோர்ச்சைக் கீழே வைத்தேன்.

இரண்டு நாள் நின்றேன். இரண்டு பின்னேரமும் கரண்ட் போகவில்லை. மெசினை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அந்தக் கரைப்பக்கம் போகிறவர்கள் ஐந்தரைக்கு முதல் போய்ச் சேருங்கள். பிந்தினால் ஒரு போத்தல் தண்ணீராவது கொண்டுபோங்கள். குழாயில் காற்று வந்தால் பேசாமல் பூட்டிவிடுங்கள். மாங்குளத்தில் காத்திருக்கக் குடை வேண்டும்.

வீட்டுக் கிணற்று மோட்டரை நான் இப்போது பின்னேரத்தில் போடுவதில்லை. ஒரு வீடு நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்று மகள் கேட்டாள். எனக்குத் தெரியாது. ஐந்தரைக்கு வாளிகளை நிரப்பி வைக்கிறேன்.