எரிச்சல் நின்ற பாதம்

எங்கள் தடத்துப் பேருந்து ஓட்டுநருக்குப் ‘பஞ்சு’ என்று பெயர். உடம்பைப் பார்த்து வைத்ததல்ல. ஆள் மலை மாதிரி இருப்பார். அவர் பிரேக் போட்டால் நின்றபடி தூங்குகிறவனுக்குக்கூட விழிப்பு வராது. செருப்பை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலால்தான் ஓட்டுவார். “நடுவுல ரப்பர் வந்தா வண்டி சொல்றது காலுக்குக் கேக்காது” என்பார்.

சர்க்கரை வந்தபின் அந்தக் கால்கள் எரிந்தன. பணிமனையில் விடுப்பு கேட்டார். “ஐயாவுக்குப் பாதம் எரியுதாம், விசிறி கொண்டாங்கப்பா” என்று மேலாளர் சிரித்தார்.

பிறகு எரிச்சல் தானாக நின்றது. மருந்துக்கடை வாசலை மிதித்தறியாத மைத்துனன் தீர்ப்பு வழங்கினான்: “எரிச்சல் போச்சுன்னா சர்க்கரையும் போச்சு மச்சான். இனி மாத்திரை எதுக்கு?” வலித்தபோது நம்பாதவர்கள், வலிக்கவில்லை என்றதும் உடனே நம்பினார்கள். பஞ்சும் நம்பினார்.

வண்டிதான் நம்பவில்லை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் குலுங்கியது. “அண்ணே, இன்னிக்குப் பஞ்சா, பாறையா?” என்றார் நடத்துநர். ஒரு மதியம் ஏதோ கருகும் வாடை. நடத்துநர் குனிந்து பார்த்தார். கொதிக்கும் இன்ஜின் மூடிமேல் ஒரு பாதம் சாவகாசமாகச் சாய்ந்திருந்தது.

“அண்ணே, காலை எடுங்க!”

“எந்தக் காலை?” என்றார் பஞ்சு.

மருத்துவர் அம்மாள் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டபடி சொன்னார்: “எரிஞ்சப்போ நரம்பு கத்திச்சு. இப்போ கத்த ஆளில்ல. சர்க்கரை நரம்பைக் கெடுக்கறப்போ ரத்தத்துல இருக்கற காவல் அணுக்கள் அதுக்குள்ள ஓடும். அதுங்கதான் கலகம் பண்ணுதுன்னு ஆராய்ச்சிக்காரங்க நெனச்சாங்க. எலிங்ககிட்ட அதுங்களைத் தடுத்துப் பாத்தா, நரம்பு நுனி இன்னும் சீக்கிரமா உதிருது. மனுஷங்ககிட்ட இனிமேத்தான் பாக்கணும்.”

“அப்போ காப்பாத்த வந்தவனையா திட்டிட்டிருந்தோம்?”

“இருக்கறதையாவது காப்பாத்தலாம், மாத்திரையை விடாதீங்க. செருப்பில்லாம நடக்காதீங்க. ஸ்டியரிங் மட்டும் வேணாம்.”

மேலாளருக்கோ ஓட்டுநர் பஞ்சம். “அதான் வலியே இல்லையேப்பா, புண்ணு ஆறினதும் வண்டியை எடு” என்றார்.

“வலிச்சப்போ நடிப்புன்னீங்க. வலிக்கலன்னா ஓட்டுங்கறீங்க. பின்னாடி உக்காந்திருக்கறது மூட்டையா சார்? டிக்கெட் கிழிக்கறேன், கூட்டிப் பெருக்கறேன். இதைத் தொட மாட்டேன்.”

சாவியை மேசைமேல் போட்டுவிட்டு நிமிர்ந்த நடையில் வெளியேறினார். அந்தக் கம்பீரத்தைக் கெடுக்க நடத்துநர் கையில் ஒரு செருப்போடு பின்னாலேயே ஓடிவர வேண்டியிருந்தது.

“அண்ணே, ஒத்தைச் செருப்பு உள்ளேயே கிடந்துச்சு!”

பஞ்சு குனிந்து தன் காலைக் கண்ணால் பார்த்தார். பிறகு, பார்த்துக்கொண்டே, அதைச் செருப்புக்குள் நுழைத்தார்.