கவினின் கம்பளிச் சட்டை

இன்று சித்தியின் பத்து மாத மகன் கவினை நிறுக்கும் நாள். சித்தியோடு நானும் கிளினிக் போனேன்.

"பிள்ளை மெலிஞ்சுபோனான்" என்று எங்கள் ஊர் தர்மபுரத்தில் காண்பவர்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி, சித்திக்கு ஒரு மாதமாக நித்திரை இல்லை. அதனால் எடை கொஞ்சம் கூடிக் காட்டட்டும் என்று இந்த வெயிலிலும் அவனுக்குக் கம்பளிச் சட்டை போட்டு, காலில் வெள்ளித் தண்டையும் மாட்டியிருந்தார்.

பிள்ளைகளை நிறுக்கும் தாதியான மிசி சிரித்தார். "என்ன தங்கச்சி, பிள்ளைக்குக் குளிருதோ? கழட்டுங்கோ."

கழற்றிவிட்டு, தராசைப் பார்க்கப் பயந்து சித்தி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மிசி வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து என்னிடம் நீட்டினார். "படிக்கிற பிள்ளைதானே, நீயே சித்திக்குச் சொல்லு."

மாதம் மாதமாக விரல் வைத்துப் பார்த்தேன். எல்லாப் புள்ளிகளும் நல்ல வளர்ச்சியைக் காட்டும் பச்சை நிறப் பட்டைக்குள்ளேயே மேலே ஏறிக்கொண்டு வந்தன.

"சித்தி, இவன் தன்ர பாதையில வடிவா வளருறான்."

"ஓம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோட இவனுக்கென்ன ஓட்டப்போட்டியோ?" என்றார் மிசி.

சித்தி கவினைத் தூக்கிக்கொண்டார். வியர்த்திருந்த அவன் முதுகில் மெதுவாக ஊதிவிட்டார்.

இனி அந்த அட்டை எங்கள் வாசல் கதிரையில் இருக்கும். வருகிறவர்கள் வாசித்துவிட்டு உட்காரலாம்.

கண்ணாலேயே பிள்ளை நிறுப்பவர்கள் உங்கள் ஊரிலும் இருக்கிறார்களா?