இடது பெடல்

கோகிலாவின் இடது மணிக்கட்டு ஒடிந்ததற்கு நான்தான் காரணம். அதை மறைத்து, பழியை அவளே சுமக்கும்படி விட்டதும் நான்தான். எங்கள் கரிசல் பக்கத்து ஊரில் இருக்கும் நீங்களும், என்னைப்போல் பிழைப்புக்காகத் தெற்கிலிருந்து ஓசூருக்கு வந்து தங்கிவிட்டவர்களும் இதைப் படிக்கக்கூடும். அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். கடைசியில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டால் சொல்லாமலே முடித்துவிடுவேன். என் சுபாவம் எனக்குத் தெரியும்.

இங்கே வந்த புதிதில் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனேன். கடைக்காரர் டயரை அழுத்திப் பார்த்துவிட்டு, "காலி கொட்டாலா?" என்றார். டயர் காலி என்கிறார் போலும் என்று நினைத்து, "ஆமா, காலிதான்" என்றேன். அவர் பம்பை எடுத்து அடிக்கத் தொடங்கினார். தெலுங்கில் அவர் கேட்டது காற்றடிக்கவா என்று. அது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று, ஆனால் டயர் நிரம்பிவிட்டது. வீட்டுக்காரர் தெலுங்கு, பால்காரர் கன்னடம், தொழிற்சாலையில் பாதி ஆங்கிலம். பாதி புரிந்தும் பாதி புரியாமலும் இந்த ஊரில் என் காலம் நன்றாகவே ஓடியது. யாரும் யாரையும் துருவிக் கேட்பதில்லை. எங்கள் கரிசல் பக்கத்தில் ஒருவன் தும்மினால் அடுத்த தெருவில் காரணம் கேட்பார்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லை என்பது எனக்கு முதலில் பெரிய விடுதலையாக இருந்தது. ஒரு பொய்க்கும் அது வசதியான இடம் என்பது பிறகுதான் புரிந்தது.

பழகாமல் போனது மொழி அல்ல, சரிவு. எங்கள் ஊரில் நிலம் தட்டு மாதிரி கிடக்கும். பிரேக் இல்லாத சைக்கிளில் காலைத் தரையில் தேய்த்து நிறுத்தியே ஒரு தலைமுறை வளர்ந்தது. ஓசூரில் எந்தத் தெருவில் ஏறினாலும் ஒன்று மேடு, இல்லை பள்ளம். பெடலில் எழுந்து நின்று மிதித்தால்தான் தொழிற்பேட்டைக்குப் போக முடியும். எங்கள் ஊரில் சைக்கிள் பழுதானால் மெதுவாகப் போவோம். இங்கே பழுதானால் விழுவோம். இந்த வித்தியாசத்தை நான் யோசித்திருக்க வேண்டும்.

சைக்கிளை வீட்டிலேயே பழுது பார்ப்பது ஊரிலிருந்து என்னோடு வந்த பழக்கம். எங்கள் ஊரிலிருந்து கடை வெகுதூரம். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு ஸ்பேனரும் பஞ்சர் ஒட்டும் சாமானும் இருக்கும். ஓசூரில் தெருமுனையிலேயே கடை இருந்தும் நான் விடவில்லை. லைன் வீட்டின் பொது முற்றத்தில் ஞாயிறுதோறும் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவேன். பால்ரஸ் குண்டுகள் உருண்டு சாக்கடையில் விழும். இட்லித் துணியில் கிரீஸ் ஏறும். பிரித்ததைத் திரும்ப மாட்டிய பிறகு ஒரு வாஷர் மட்டும் கையில் மிஞ்சும். "கடையில குடுத்தா அஞ்சு நிமிஷ வேலை. உங்க படிப்புக்கு ஞாயித்துக்கெழம முழுசும் வேணும்" என்பாள் என் மனைவி. முற்றமே சிரிக்கும். ஆனாலும் பக்கத்து வீட்டார் தங்கள் சைக்கிள்களை என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் பெரிய தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவன், படித்தவன். நான் தொட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள்.

இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவர்கள் மாதேஷும் கோகிலாவும். சிங்காரப்பேட்டைப் பக்கத்துக்காரர்கள். அவன் இரும்பு வார்க்கும் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. அவள் சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் தைத்தாள். அந்த வரிசையில் சைக்கிளில் வேலைக்குப் போன பெண் அவள் ஒருத்திதான். மாதேஷுக்கு அது அரை மனசு. "பஸ்ஸுல போனா இன்னா?" என்பான். "பஸ்ஸு வர்றதுக்குள்ள நான் ரெண்டு காலரு தெச்சிடுவேன்" என்பாள் அவள்.

2002 என்று நினைவு. ஒரு ஞாயிறு மதியம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "சார், இந்தப் பக்கத்துப் பெடலு ஆடுது சார். கடை லீவு. எங்கூட்டுக்காரரு ஷிப்டுக்குப் போயிட்டாரு. காலைல நேரத்துக்கு உள்ள போவலன்னா சூப்பரவைசரு வாசல்லயே நிக்க வெச்சிடுவாரு."

இடது பெடல் ஆடியது உண்மை. ஆனால் கழன்று விழும் நிலையில் இல்லை. இன்னும் சில மாதங்கள் அப்படியே ஓட்டியிருக்கலாம். நான் அதைக் கழற்றிவிட்டு என் பெட்டியிலிருந்து ஒரு பழைய பெடலை எடுத்து மாட்டினேன். சைக்கிளின் இடது பெடலுக்குத் திருகு மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும். நான் எடுத்து மாட்டியது வலது பெடல். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு எதிர்மரை பற்றி நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். பார்க்காமல் எடுத்தேன், அவ்வளவுதான். திருகியபோது இறுக்கமாக இருந்தது. நன்றாகப் பிடிக்கிறது என்று நீளமான ஸ்பேனரைப் போட்டு இன்னும் அழுத்தினேன். அது பிடிக்கவில்லை, பெடலைத் தாங்கும் கிராங்கின் மரையைத் தின்றுகொண்டிருந்தது. தெரிந்ததும் வெளியே எடுத்து, அவளுடைய பழைய பெடலுக்கே கிரீஸ் வைத்து மாட்டப் பார்த்தேன். உள்ளே இரண்டு மூன்று சுற்று மரைதான் மிச்சம். குழாய் வேலைக்கு வைத்திருந்த வெள்ளை டேப்பைச் சுற்றி இறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் 'டீவியேஷன்' என்று ஒரு வழக்கம் உண்டு. பொருள் அளவில் சற்றுத் தவறியிருக்கும். நிராகரித்தால் உற்பத்தி நின்றுபோகும். அப்போது இந்த ஒரு தடவை மட்டும் போகட்டும் என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். பல ஆண்டுகள் அந்தக் கையெழுத்தைப் போட்டவன் நான். அன்றும் மனதுக்குள் அதைத்தான் போட்டேன். அடுத்த ஞாயிறு கிராங்கையே மாற்றிவிடலாம், அதுவரை தாங்கும். ஆனால் டீவியேஷனில் பொருளை அனுப்பினால், வாங்குகிறவருக்கு அதைச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. நான் கோகிலாவிடம் சொல்லவில்லை. என் கைத்தவறை அவளிடம் ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. "சரியாயிடுச்சும்மா" என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

"அந்தப் பிள்ளைட்ட சொல்லிட்டீகளா, மெதுவாப் போகணும்னு?" என்று மனைவி கேட்டாள். டேப் சுற்றியதை அவள் பார்த்திருந்தாள். "சொல்லிட்டேன்" என்றேன்.

ஓரிரு நாள் ஓடியது. பிறகு ஒரு காலையில், தொழிற்பேட்டை மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது பெடல் காலோடு கழன்று வந்துவிட்டது. ஊன்றிய இடது கை மடங்கி அவள் உடல் பாரமெல்லாம் அதன்மேல் விழுந்தது. நான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது கையில் கட்டையை வைத்துக் கட்டியிருந்தார்கள். மாதேஷ் பெடலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும் அதை என்னிடம் கொடுத்தான். வெள்ளை டேப் கிழிந்து தொங்கியது. பேச்சோடு பேச்சாக அதை உரித்து உருட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

"கால வெச்சேன் சார், பெடலே இல்ல சார்" என்றாள் கோகிலா.

"பெடலு எங்கடி போவும்? நீ விழுந்த வேகத்துல கழண்டிருக்கும்" என்றான் மாதேஷ். பிறகு என்னைக் கேட்டான்: "சார், நீங்கதான பாத்துக் குடுத்தீங்க. நீங்களே சொல்லுங்க. விழுந்ததுல கழண்டுச்சா, கழண்டதுல விழுந்தாளா?"

இத்தனை தெளிவாக யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. "விழுந்த வேகத்துல கழண்டிருக்கலாம்" என்றேன். "நான் குடுக்கும்போது சரியாத்தான் இருந்துச்சு."

"பாத்தியா" என்றான் அவன். அவள் என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தன் கால்மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்ட பார்வை அது.

கை கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. காலரைத் திருப்பிப் பிடிக்கும் வேகம் வரவில்லை. கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் எது கொட்டினாலும் மாதேஷின் குரல் கேட்கும்: "சைக்கிளு ஓட்டின கையாச்சே!" ஒரு டம்ளர் உருண்டாலும் அதே பேச்சுதான். முதலில் அவள் பதில் பேசினாள். பிறகு பேசுவதை விட்டாள். அந்தச் சுவர்கள் மெல்லியவை. எனக்கு எல்லாம் கேட்டது. எங்கள் ஊராக இருந்திருந்தால், "நீ என்னய்யா பண்ணின அந்தச் சைக்கிள?" என்று யாராவது ஒருவர் என் சட்டையைப் பிடித்திருப்பார். இங்கே பிடிக்க ஆள் இல்லை. சிறிது காலத்தில் அவர்கள் அவனுடைய அம்மாவிடமே போய் நிலத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். போகும்போது மாதேஷ், "இந்தச் சனியன் எங்களுக்கு வேணாம் சார், நீங்களே வெச்சுக்கங்க" என்று சைக்கிளை என் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனான். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்து என் நலம் விசாரித்தான். என்மேல் அவனுக்கு மரியாதை குறையவே இல்லை.

என் மனைவி நோயில் படுத்திருந்த காலத்தில் அந்தச் சைக்கிள் அவள் கண்ணில் படும் இடத்தில்தான் நின்றது. "கோகிலா கை எப்படி இருக்குன்னு ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்" என்று அடிக்கடி சொன்னாள். கோகிலாவை எச்சரித்துவிட்டதாக அன்று நான் அவளிடம் சொன்னதும் பொய்தான் என்பது தெரியாமலே போய்ச் சேர்ந்தாள்.

அவள் போன மறு வருடம், சைக்கிளைத் தெருமுனைக் கடையில் கொடுத்துப் புதுக் கிராங்க், புதுப் பெடல், புது டயர் எல்லாம் போட்டேன். என் கையால் எதையும் தொடவில்லை. கிருஷ்ணகிரி வரை ஒரு பஸ், அங்கிருந்து திருவண்ணாமலை பஸ், இரண்டிலும் மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு சிங்காரப்பேட்டையில் இறங்கினேன். நிலம் தட்டையாக விரிந்திருந்தது. வெயிலும் எங்கள் ஊர் வெயில் மாதிரியே இருந்தது.

மாதேஷ் ஓடிவந்து சைக்கிளை வாங்கிக்கொண்டான். "எதுக்கு சார் இந்த வயசுல இதெல்லாம்" என்றான். கோகிலா தண்ணீர் கொண்டுவந்தாள், வலது கையில் செம்பு, இடது கை சும்மா பக்கத்தில். குடிப்பதற்கு முன் சொல்லிவிட்டேன். மரையைக் கெடுத்தது, டேப் சுற்றியது, ஆஸ்பத்திரியில் உரித்துப் போட்டது, பொய் சொன்னது எல்லாம். "அவ விழுந்து பெடல் கழலல. பெடல் கழண்டுதான் விழுந்தா. தப்பு என்னுது."

மாதேஷ் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். பிறகு, "ஏன் சார், அன்னிக்கே சொல்லியிருந்தா நான் இன்னா உங்கள அடிச்சிருப்பனா?" என்றான். "இத்தன வருசமா இவளப் பேசினேனே. அதெல்லாம் இப்ப நான் எங்க போயித் திருப்பி எடுக்கறது?"

கோகிலா அழவில்லை. வீட்டுக்குள் பார்த்து, "அத்தே, வெளிய வா" என்று கூப்பிட்டாள். அவன் அம்மா வந்து உட்கார்ந்தார். "சார், எங்கத்தைக்குக் காது மந்தம். சத்தமா இன்னொரு தபா சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னேன். எதிர்வீட்டில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் முறத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்த அம்மாளுக்கு இன்னும் விளங்கவில்லை. "இன்னா சொல்றாரு?" என்றார். மூன்றாவது தடவை, தெருவே கேட்கும்படி, "உங்க மருமக மேல தப்பு இல்ல. தப்பு என்னுது" என்று கத்தினேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "படிச்சவரு மாரி கீறாரே" என்றார். கோகிலாவின் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. மன்னிப்பு என்று அதற்குப் பெயர் வைக்க எனக்கு உரிமை இல்லை.

பிறகு அவள் சைக்கிள் பக்கம் போனாள். பெடலைக் காலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ஹேண்டில்பாரைப் பிடித்து பிரேக்கை அழுத்தினாள். வலதுபக்கம் முழுதாக அழுந்தியது. இடதுபக்கம், பின் பிரேக், பாதியில் நின்றது. கோணலான கையின் விரல்கள் அதற்கு மேல் மடங்கவில்லை. இத்தனை செலவு செய்து பெடலைச் சரி செய்தேன். அந்தக் கையை நினைக்கவே இல்லை.

"கேபிளை மாத்திப் போட்டுட்டா போதும்மா. பின் பிரேக்க வலது கைக்குக் கொண்டு வந்துடலாம். ஸ்பேனர் கொண்டாந்திருக்கேன்" என்று பையைத் திறந்தேன்.

"வேணாம் சார்" என்றாள். கோபமில்லாமல், மரியாதையாகத்தான் சொன்னாள். "நீங்க தொடாதீங்க. கடையில குடுத்துப் பாத்துக்கறேன்."

பையை மூடினேன். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைப்பக்கம் நடந்தாள். ஏறி ஓட்டியதை நான் பார்க்கவில்லை. மாதேஷ் என்னைப் பஸ் ஏற்றிவிட வரவில்லை. அந்தப் பொங்கலுக்கு அவன் போனும் வரவில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

அன்று பொழுது சாய்ந்தபோது கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நின்றேன். ஒருபக்கம் "ஓசூர், பெங்களூர்" என்று கூவினார்கள். மறுபக்கம் "சேலம், மதுரை" என்றார்கள். மதுரை பஸ் ஏறினால் விடியும்முன் என் ஊர்ப்பக்கம் போய்விடலாம். அங்கே நான் ஓசூரில் பெரிய வேலை பார்த்த மனிதர். ஓசூரிலோ தெற்கத்தி சார். இரண்டு ஊரிலும் என்னை யாருக்கும் தெரியாது. நான் இன்னார் என்று முழுதாகத் தெரிந்த ஒரே தெரு பின்னால், நான் ஒருநாளும் குடியிருக்காத இடத்தில் கிடந்தது. "எந்த ஊருங்க பெரியவரே?" என்று ஒரு கண்டக்டர் கேட்டார். சைக்கிளை இறக்கும்போது ஒட்டிய செயின் மை இரண்டு உள்ளங்கையிலும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இன்னொரு தடவை கேட்டுவிட்டு, விசில் ஊதி வண்டியை எடுக்கச் சொன்னார்.