முள் இறங்காத ஷூ

கத்தியைத் தண்ணீரில் முக்கி எடுத்தால்தான் ரப்பர் வழிவிடும். ஈரம் காய்வதற்குள் ஒரே இழுப்பில் வெட்டிவிட வேண்டும். நடுவில் நின்றால் விளிம்பு பல்லுப் பல்லாகப் போய்விடும். இடது கை தகட்டை முழங்காலில் வைத்து அழுத்த, வலது கை இழுத்தது. வலது செருப்புக்கு ஒரு தகடு; இடது செருப்புக்கு மூன்று. சொலூசன் பசையைத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருந்து, ஒன்றின்மேல் ஒன்றைப் படிய வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தன அந்தக் கைகள். பிறகு இரண்டு செருப்பையும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தன. ஒன்று ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு உயர்ந்து நின்றது.

பாளையம்பட்டியில் டவுன் பஸ் நிற்கிற இடத்தில், சைக்கிள் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே சாக்குப் படுதா கட்டியிருப்பது ஜான்ராஜின் கடை. டயர் செருப்பில் அவருக்குப் பெயர் உண்டு. பரளச்சியிலிருந்து ஆட்டுக் கிடை போடுகிறவர்கள் வருவார்கள், எம்.ரெட்டியபட்டியிலிருந்து பருத்தி எடுக்கிற பெண்கள் வருவார்கள். வந்தவர்கள் செருப்பைக் காலில் போட்டுப் பார்ப்பதற்கு முன் ஒரு காரியம் செய்வார்கள். சாலையோரம் ஒரு சீமைக்கருவேல முள்ளை ஒடித்து வந்து, செருப்பின் அடியில் குத்திப் பெருவிரலால் அழுத்துவார்கள். முள் ஒடிந்தால் செருப்பு நல்லது. இறங்கினால் பேசாமல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஜான்ராஜின் செருப்பில் முள் இறங்கியதாக யாரும் சொன்னதில்லை. புதுச் செருப்பு கடிக்கிறது என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. ஒரு வாரம் போட்டு நடங்கள், பழகிவிடும் என்று அனுப்புவார். பழகியும்விடும். முப்பது வருஷமாக அவர் சொன்ன அந்தச் சொல் பொய்த்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன், தொண்ணூற்று மூன்றில், அவருடைய மகள் ஜெயசெல்வி போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஓட்டத்தில் அவளை முந்த ஆள் கிடையாது. படிப்பு முடிந்து பருத்திக் காட்டுக்குப் போக ஆரம்பித்த பிறகும், விடிந்ததும் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் வெறுங்காலோடு இறங்கிக் கரையை ஒட்டிச் சுற்றி வருவாள். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் "என்ன ஏட்டம்மா, இன்னைக்கு யாரைப் பிடிக்கப் போறீக?" என்று கேட்பார்கள். அவள் நின்று அவர்களுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போவாள். அந்த வேலை கிடைத்தால் அவளோடு அந்த வீடும் பருத்திக் காட்டைவிட்டு வெளியேறிவிடும். அது வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் சுப்புராஜுக்குச் செருப்புக்கடை. ஓட்டத் தேர்வுக்கு ஷூ இல்லாமல் வந்தால் மைதானத்துக்கு உள்ளேயே விடமாட்டார்கள் என்று அவர் ஜெயசெல்வியிடம் சொல்லியிருக்கிறார். அவளிடம் மட்டுமல்ல, அந்த வருஷம் எழுதிப் போட்ட எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறார். ஒரு சீசன் பருத்திக் கூலியைச் சேர்த்து அவள் ஷூ வாங்கி வந்தாள். வெள்ளை ஷூ, பக்கவாட்டில் நீலப் பட்டை, நாக்கில் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் முத்திரை. அசலைப் பார்த்து எங்கோ ஒரு தகரக் கொட்டகையில் செய்தது. ஜான்ராஜ் கையில் வாங்கியதும் முள்ளைத்தான் தேடினார். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

மூன்றாவது வாரம் இரண்டு ஷூவும் வாயைப் பிளந்தன. தார்ச்சாலைச் சூட்டில் பசை இளகிவிட்டது. ஜான்ராஜ் அடியை முழுக்கப் பெயர்த்துப் பார்த்தார். உள்ளே அட்டை. வேர்வையில் ஊறிக் கூழாகியிருந்தது. குதிகாலுக்கு மெத்தை என்று கடையில் விரலால் அழுத்திக் காட்டிய இடத்தில் ஒரு வெற்றுப் பள்ளம்தான் இருந்தது. காசைக் கொடுத்துக் காகிதத்தை வாங்கி வந்திருக்கிறாள் என்று ஜான்ராஜ் சத்தம் போட்டார். அதில் தவறில்லை. அந்த ஷூ ஓடுவதற்கு ஆகாதுதான்.

அடுத்து அவர் செய்ததை இந்தப் பக்கத்தில் டயர் அறுக்கிற யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். வேறு வேலை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இரண்டு நாள் உட்கார்ந்தார். நல்ல லாரி டயராகப் பார்த்து, உள்நூல் தெரிய உரித்து, ஷூவின் அளவுக்கு வெட்டி, மெழுகு ஏற்றிய நைலான் நூலால் நெருக்கித் தைத்தார். முன்னாலும் பின்னாலும் ஆணி இறக்கினார். முள்ளை அழுத்தினார், ஒடிந்தது. இன்னொன்றை எடுத்து அழுத்தினார், அதுவும் ஒடிந்தது. அவருடைய மனைவி ஞானப்பூ ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதென்ன ஆட்டுக்கல்லு கணக்கா கனக்குது?" என்றாள். கனம் இருந்தால்தான் உழைக்கும் என்றார் அவர்.

கண்மாய்ப் புழுதியில் அந்த ஷூ புதைந்தது. அதனால் ஜெயசெல்வி திருச்சுழிச் சாலைத் தாரில் ஓடினாள். பத்துப் பதினைந்து நாளில் இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் வலி வந்தது. ஞானப்பூ நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுத்தாள். காலையில் வலி குறையும், ஓடியதும் வந்துவிடும். ஒருநாள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கே வந்து நின்றாள்.

"அப்பா, நான் வெறுங்கால்லயே ஓடிக்கிறேனே."

"உள்ளயே விடமாட்டாகன்னு நீதான தாயி சொன்ன?"

"இது வளைய மாட்டேங்குது. ஒவ்வொரு எட்டுக்கும் எலும்புல போய் இடிக்குது."

"புதுசு அப்படித்தான் இருக்கும். கடிக்கிற செருப்புத்தான் கடைசி வரைக்கும் வரும். பழகிரும் பாரு."

அவள் போட்டுக்கொண்டு போனாள். அப்பா செருப்பைப் பற்றிச் சொன்னால் அந்தப் பக்கத்தில் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

தேர்வு விருதுநகரில் நடந்தது. மைதானத்துக்குள் பிள்ளைகளை மட்டும் விட்டார்கள். ஜான்ராஜ் மற்ற தகப்பன்மாரோடு கம்பிவேலிக்கு வெளியே நின்றார். வாசலில் உயரம் பார்த்தார்கள், சான்றிதழ் பார்த்தார்கள். காலை யாரும் பார்க்கவில்லை. முதல் வரிசை ஓடியபோதுதான் அவர் கவனித்தார். பாதிக்குமேல் வெறுங்கால். ஒரு பெண் பெருவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்த ஒருத்தி வெறுங்காலோடு முதலில் வந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

ஜெயசெல்வி அடுத்த வரிசையில் நின்றாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கழற்றிப் போட்டுவிட்டு ஓடு என்று கத்தலாமா என்று ஜான்ராஜ் நினைத்தார். இரண்டு நாள் குனிந்து போட்ட தையல் அவர் கண்முன் வந்தது. கத்தவில்லை.

கடைசி வளைவு வரை அவள்தான் முன்னால் வந்தாள். அங்கே, யாரோ உட்காரச் சொன்னதுபோல உட்கார்ந்தாள். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கி அவளைத் தாண்டிப் போனார்கள். தூக்கி வந்து நிழலில் போட்டபோது ஷூவை ஜான்ராஜ்தான் கழற்றினார். எலும்பு இரண்டாகியிருந்தது. ஷூவில் ஒரு தையல்கூட விடவில்லை.

ஆஸ்பத்திரியில் மதுரைக்குப் போய்த் தகடு வைக்கச் சொன்னார்கள். அதற்கு வழியில்லாமல் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறவரிடம் போனார்கள். எலும்பு கூடியது. இடது கால் ஒரு கட்டைவிரல் அகலம் குட்டையாகிப்போனது.

கட்டுப் பிரித்த மறுநாள் ஜான்ராஜ் அருப்புக்கோட்டைக்குப் போய் சுப்புராஜின் கடை வாசலில் நின்றார். கடையில் ஆள் இருந்ததால் சுப்புராஜ் மெதுவாகத்தான் பதில் சொன்னார்.

"ஷூ இல்லாட்டி விடமாட்டாகன்னு ஏன் மொதலாளி சொன்னீக?"

"எனக்கு ஒருத்தன் சொன்னான். நான் சொன்னேன்."

"உள்ள அட்டைய வச்சு வித்திருக்கீக."

"அட்டை கிழியும் ஜான்ராஜு, எலும்ப முறிக்காது. அட்டையோட விட்டிருந்தா உன் மக ஷூவத் தூக்கி எறிஞ்சிட்டு வெறுங்கால்ல ஓடியிருப்பா. டயரு வச்சவன் நீ."

ஜான்ராஜ் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். திரும்பி வருகிற பஸ் முழுக்க அதற்கு ஒரு பதில் தேடினார். பாளையம்பட்டி வந்துவிட்டது.

அந்த வெள்ளை ஷூ சுப்புராஜின் கடையில் இன்றைக்கும் தொங்குகிறது. ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தால் நன்றாக விற்கும். வாய் பிளந்த பிறகு, டயர் வைத்துத் தரச் சொல்லிப் பையன்கள் ஜான்ராஜிடம் வருகிறார்கள். முடியாது என்கிறார். ஓடுவதென்றால் வெறுங்காலோடு மண்ணில் ஓடுங்கள் என்கிறார். வயசாகிவிட்டது, ஊசி பிடிக்க முடியவில்லை போல என்று பேசிக்கொண்டே அவர்கள் வேறு கடைக்குப் போகிறார்கள். அங்கே வைத்துக் கொடுக்கிறார்கள்.

போன வருஷம் நூல் மில் அதிகாரி ஒருவருடைய ஷூ தையல் விட்டுக் கடைக்கு வந்தது. அசல். அதைத் தைத்து முடித்த பிறகும் ஜான்ராஜ் மடியிலேயே வைத்திருந்தார். விரல்கள் மடங்கும் இடத்தில் அது தானாக மடங்கியது. குதிகாலில் அழுத்தினால் உள்வாங்கித் திரும்பி எழுந்தது. கையில் கனமே தெரியவில்லை. பழக்கம்போல ஒரு முள்ளை எடுத்து அடியில் வைத்தார். பெருவிரல் பட்டதுமே முள் உள்ளே போய்விட்டது. சுப்புராஜ் விற்ற அட்டையிலும் முள் இறங்கியது, இதிலும் இறங்கியது. முள்ளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. முப்பது வருஷம் முள்ளைக் கேட்டே தொழில் பார்த்தவர் அன்று சீக்கிரம் கடையைக் கட்டினார்.

ஜெயசெல்வி இப்போது நூல் மில்லுக்குப் போகிறாள். ஷிப்டு முழுக்க சிமெண்டுத் தரையில் நின்று செய்கிற வேலை. இடுப்பு ஒருபக்கம் இழுக்கிறது என்று அவள் தாயிடம் சொன்னது ஜான்ராஜ் காதில் விழுந்தது. அவரிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் பஞ்சு ரப்பர் வாங்கி வந்தார்.

மத்தியான ஷிப்டு பஸ்ஸுக்கு அவள் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். டீக்கடையிலிருந்து ஒருவர் பழைய வாய்ப்பழக்கத்தில் "என்ன ஏட்டம்மா" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் சல்யூட் அடிக்கவில்லை. படுதாவுக்குக் கீழே வந்து நின்றாள். ஜான்ராஜ் இடது செருப்பை எடுத்து இரண்டு கையாலும் மடக்கிக் காட்டினார். அது மடங்கியது. விட்டதும் நிமிர்ந்தது.

"மெத்துனு இருக்கும். ஆனா முள்ளு இறங்கிரும் தாயி, பாத்துப் போ" என்றார்.

"மில்லுக்குள்ள ஏதுப்பா முள்ளு?" என்றாள் அவள்.

அவர் இரண்டு செருப்பையும் நீட்டினார். அவள் குனிந்து வாங்கிக்கொண்டாள்.