அரவேணுச் சரிவில் சிக்கிய இரிடியம்

1. பாதியில் நின்ற கிராங்க்

கிராங்க்கைப் பின்னோக்கிச் சுற்றினால் சோர்ஸ் கேமராவுக்குள் திரும்பிவிடும். பதினெட்டு வருஷ வேலையில் அது திரும்பாமல் போனதே இல்லை. அன்று மதியம் மூர்த்தியின் கை பாதியில் நின்றது.

"அண்ணா, இறுகுதுங்க. வர மாட்டேங்குது."

மூர்த்தி என்னோடு பல சைட்டுகளில் வேலை செய்தவர். எளிதில் பதறாதவர். என் கையிலிருந்த, கதிரை அளக்கும் சர்வே மீட்டரைப் பார்த்தேன். முள் இறங்கவில்லை. சோர்ஸ் வெளியே நிற்கிறது என்று அர்த்தம்.

நீலகிரியில் அரவேணுவுக்குக் கீழே, சிறு விவசாயிகளின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, பெரிய குடிநீர்க் குழாய் பதித்துக்கொண்டிருந்தார்கள். அதன் வெல்டிங் ஜாயிண்ட்டுகளைப் படம் எடுத்துச் சோதிப்பது எங்கள் வேலை. கேமரா என்று நாங்கள் சொல்வது போட்டோ எடுக்கும் கருவி அல்ல. ஒரு ஆள் தூக்கத் திணறும் கனமான கவசப் பெட்டி. அதற்குள் மிளகு அளவுகூட இல்லாத இரிடியம் இருக்கும். அதைத்தான் சோர்ஸ் என்போம். கிராங்க்கைச் சுற்றினால், கேபிளின் நுனியில் அது ஒரு நீண்ட டியூப் வழியாகக் குழாய்க்குப் பக்கத்தில் போய் நிற்கும். அதிலிருந்து வரும் காமா கதிர் இரும்பை ஊடுருவி மறுபக்கத்து ஃபிலிமில் படும். வெல்டிங்கில் ஓட்டை இருந்தால் கறுப்பாகத் தெரியும்.

அந்த இரிடியம் பிறவியிலேயே அப்படி இல்லை. சாதாரண இரிடியத்தை அணு உலைக்குள் வைப்பார்கள். அதன் அணுக்கரு ஒரு நியூட்ரானை விழுங்கும். நிறை எண் நூற்றுத் தொண்ணூற்றொன்றாக இருந்தது நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ஆகும். விழுங்கியதைத் தாங்க முடியாமல் அது சிதைந்து பிளாட்டினமாக மாறும். அப்படி மாறும்போது வெளிவருவதுதான் கதிர். எழுபத்து நான்கு நாளில் அதன் வீரியம் பாதியாகும், இன்னொரு எழுபத்து நான்கு நாளில் அந்தப் பாதியிலும் பாதி. எங்களிடம் இருந்தது வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. முழு வீரியத்தோடு இருந்தது.

தோண்டிய மேட்டிலிருந்து ஒரு கல் உருண்டு டியூப்பின் மேல் விழுந்திருந்தது. டியூப் நசுங்கி, அதற்கு அப்பால் சோர்ஸ் மாட்டிக்கொண்டது. மூர்த்தியை மேல்பாதைக்கு அனுப்பி யாரையும் விடக் கூடாது என்றேன். ஜீப் டிரைவரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, அரவேணு கடையிலிருந்து கோயம்புத்தூரில் இருந்த எங்கள் பாதுகாப்பு அதிகாரிக்குப் போன் பண்ணச் சொன்னேன். யாரும் உள்ளே வராமலிருக்கச் சுற்றிலும் கட்டியிருந்த எல்லைக் கயிற்றை நான் அவிழ்த்து இன்னும் கீழே தள்ளிக் கட்டப் போனேன். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் கதிர் கால் பங்காகக் குறையும். எங்கள் தொழிலில் உயிர் காக்கும் கணக்கு அதுதான்.

அப்போதுதான் கயிற்றுக்கு உள்ளே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஒரு தலைமுக்காடு அசைவதைப் பார்த்தேன்.

2. மாரியாயி

கத்தினேன். காற்று மேல்நோக்கி வீசியதால் அவளுக்குக் கேட்கவில்லை. வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடி, அவளுக்கு நேர் கீழே போய் மறுபடியும் கத்தினேன்.

"அப்படியே கீழ வாம்மா. மேல போகாத."

கொழுந்துப் பையோடு இறங்கி வந்தாள். மாரியாயி என்று பெயர் சொன்னாள். அவள் பெற்றோர் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். எஸ்டேட் வேலை நின்றுபோனதால் பெள்ளி என்ற சிறு விவசாயியின் தோட்டத்தில் கூலிக்குக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். தேயிலை விலை விழுந்துகிடந்த காலம் அது. ஃபேக்டரிகள் வாரத்தில் சில நாள்தான் இலை வாங்கின. அன்று வாங்கும் நாள்.

"கயிறு கட்டியிருந்தது தெரியலையா?"

"தெரிஞ்சதுங்க ஐயா. வெல்டிங்னு தானே சொன்னீங்க. நெருப்பைப் பாக்காம இருந்தா சரின்னு நெனச்சேன்."

அப்படிச் சொன்னவன் நான்தான். முதல் நாள் காண்ட்ராக்டர் என்னிடம், "எக்ஸ்ரே, கதிர்வீச்சுன்னெல்லாம் வாயைத் திறக்காதீங்க. ஊரே வந்து உக்காந்துக்கும்" என்றிருந்தார். நானும் தலையாட்டிவிட்டு, கேட்டவர்களிடம் வெல்டிங் வேலை என்றேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஊட்ல ஆறு மாசக் கொழந்த இருக்குங்க. பால் குடுக்கலாமா?"

அவள் நின்ற இடத்துக்கும் சோர்ஸுக்கும் நாற்பது மீட்டர் இருக்கும். கால் மணி நேரம் இருந்திருக்கிறாள். மனதுக்குள் இரண்டு முறை கணக்குப் போட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் படும் அளவுதான் வந்தது. ஆனாலும், இருபது மீட்டர் மேலே ஏறியிருந்தால், ஒரு மணி நேரம் இருந்திருந்தால் என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது.

"விளக்கு வெளிச்சம் மேல படற மாதிரிம்மா இது. விளக்கை விட்டுத் தள்ளி வந்துட்டா வெளிச்சம் உன் மேல ஒட்டிட்டு வராது. தூசியோ திரவமோ உன் மேல பட்டிருந்தாத்தான் கூடவே வரும். இது கெட்டியான உலோகம், மூடி சீல் வெச்சது."

நம்பினாளா என்று தெரியவில்லை. சாலை வளைவுக்கு அப்பால் கூட்டிப்போய், மீட்டரை முதலில் வெறும் காற்றில் காட்டினேன். பிறகு அவள் கை, மார்பு, கொழுந்துப் பை என்று ஒவ்வொன்றின் அருகிலும் பிடித்தேன். முள் நகரவில்லை. அவளே மீட்டரை வாங்கி, தன் நெஞ்சருகே இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். அதன் பிறகுதான் நடையைக் கட்டினாள்.

3. மூடுபனி

மூன்று மணிக்குப் பனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மேல்பாதையில் மூர்த்தி, கீழே நான். நிமிடத்துக்கு ஒருமுறை குரல் கொடுத்துக்கொண்டோம். காலடிச் சத்தம் போல எது கேட்டாலும், "யாரது, கிட்ட வராதீங்க" என்று கத்தினோம்.

அந்த நேரத்தில், ஃபேக்டரிக்கு இலை வாங்கிப் போகும் ஏஜென்ட்டின் வேன் வந்தது. எங்கள் ஜீப் டிரைவர் கடையில் போனில் கத்திப் பேசியதை ஊரே கேட்டிருந்தது.

"அணு பட்ட எலைய ஃபேக்டரில எறக்குனா என்னைய உள்ளயே விட மாட்டாங்க" என்றார் ஏஜென்ட்.

காமா கதிர் பட்ட இலை கதிரியக்கப் பொருளாகிவிடாது, அதற்கு அணு உலையில் இருப்பது போல நியூட்ரான் வேண்டும் என்று விளக்கினேன். மீட்டரைக் காட்டினேன்.

"மீட்டரும் உங்களுது, பேச்சும் உங்களுது" என்று சொல்லிவிட்டு வேனைக் கிளப்பினார்.

பெள்ளி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும் படுகர். குரலை உயர்த்தவே இல்லை.

"நேத்தே நெசத்தைச் சொல்லியிருந்தா, நான் இன்னிக்கு ஆள் எறக்கியிருக்க மாட்டேன் சார்."

அதிகாரி வந்து சேர நாலரை ஆகிவிட்டது. வந்ததும் ஒரே கேள்வி கேட்டார்: "யாராச்சும் டியூப்பைத் தொட்டீங்களா?" இல்லை என்றதும்தான் மூச்சு விட்டார். கேமரா இல்லாத வெறும் தரையில் ஒருமுறை ஒத்திகை பார்த்தோம். பிறகு, இருபது விநாடிக்கு மேல் அருகில் நிற்கக் கூடாது என்று சொல்லி அவர் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டார். நீளக் கம்பியின் நுனியில், கதிரைத் தடுக்க அவர் கொண்டுவந்த ஈயக் குண்டுப் பையைக் கோத்து, சோர்ஸ் நிற்கும் இடத்தின் மேல் இறக்கினேன். முள் பாதிக்கும் கீழே போனது. இன்னொரு பை. விலகி வந்தேன். அடுத்து நீளப் பிடி போட்ட குறடோடு போய், நசுங்கிய இடத்தைப் பக்கவாட்டில் அழுத்தினேன்.

"இருபது" என்று அவர் கத்தினார். ஓடி வந்தேன்.

மூர்த்தி கிராங்க்கைச் சுற்றினார். இறுகியது. கொஞ்சம் முன்னால் தள்ளி, மறுபடி இழுத்தார். திடீரென்று கேபிள் இளகி ஓடியது. பூட்டு விழும் சத்தம் கேட்டது. முள் விழுந்தது. மூர்த்தி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

4. அதன் பிறகு

உடம்பில் பட்ட கதிரைப் பதிவு செய்ய நாங்கள் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ்களைச் சோதனைக்கு அனுப்பினோம். இருவருக்குமே வரம்புக்குள்தான் இருந்தது. மாரியாயியின் அளவை அதிகாரியும் தனியாகக் கணக்கிட்டார். என் கணக்கோடு ஒத்துப்போனது. அதை அவள் வீட்டுக்குப் போய் நானே சொன்னேன். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. பெள்ளியின் இலை மட்டும் பையிலேயே சூடேறிக் கறுத்துக் குழிக்குப் போனது.

அறிக்கையில் கல் விழுந்ததை எழுதினேன். வெல்டிங் என்று பொய் சொன்னதையும் எழுதினேன். காண்ட்ராக்டர் அதற்கப்புறம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த ஜாயிண்ட்டுக்கு இரண்டு நாள் முன்பே பெள்ளியின் வீட்டுக்குப் போனேன். பழைய ஃபிலிம் ஒன்றைக் காட்டி, எந்த நேரம், எவ்வளவு தூரம், எதற்காக என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஊர் வந்து உட்காரவில்லை. அவர் நிறையக் கேள்விகள் கேட்டார். பிறகு கொழுந்தெடுக்கும் நாளை மாற்றிக்கொண்டார். படம் எடுத்த அன்று கயிற்றுக்கு வெளியே தானாகவே வந்து காவல் நின்றார்.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்குத் தூரம், நேரம், கவசம் என்ற மூன்றையும் வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். அரவேணு எனக்குக் கற்றுக்கொடுத்தது இன்னொன்று. கதிரைக் கண்ணால் பார்க்க முடியாது. அது இருக்கிறது என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியது அதைக் கொண்டுபோனவனின் கடமை.