இமைத்தால்தான் பென்ஷன்

"இந்த ஆள் உயிரோடுதான் இருக்கிறார்" என்று அரசாங்கத்துக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. சிரிக்காதீங்க. ஓசூரில் சின்னதாக ஒரு இன்டர்நெட் சென்டர் வைத்திருக்கிறேன். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருதரம் லைஃப் சர்டிபிகேட் போட வேண்டும், இல்லாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். நவம்பர் வந்தால் எனக்குச் சோறு தண்ணி கிடையாது. என்னை மாதிரி ரேகை மிஷினும் கையுமாக அலைகிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

தேய்ந்த விரல்

போன வருஷம் உத்தனப்பள்ளியிலிருந்து கங்கப்பா வந்தார். ஃபேக்டரியில் பிரஸ் மிஷின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கட்டைவிரலை வைத்தார், "ரேகை பொருந்தவில்லை" என்று வந்தது. துடைத்து வைத்தார், எண்ணெய் தொட்டு வைத்தார், பத்து விரலையும் வைத்தாச்சு. எனக்கு வந்த எரிச்சலில் மிஷினை நாலு தட்டுத் தட்டினேன். அப்புறம் அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு விரலிலும் ஒரு கோடு இல்லை, மொழுமொழுவென்று இருந்தது. எனக்கு ஒரு மாதிரி ஆகி, கையைச் சட்டென்று விட்டுவிட்டேன்.

கடைசியில் போனில் முகத்தைக் காட்டச் சொல்லி, போட்டோ இல்லை, உயிருள்ள ஆள்தான் என்று தெரிய கண்ணை இமைக்கச் சொல்லி, ஒருவழியாக எடுத்துக் கொடுத்தேன். கிளம்பும்போது சொன்னார்: "மிஷின ஏம்மா அடிக்கற? ரேகையெல்லாம் கம்பெனிலயே விட்டுட்டு வந்துட்டேன். அது சரியாத்தான் சொல்லுது."

பல்லக்கு

இந்த வருஷம் ஒரு காலனி ஹாலில் கேம்ப். ஏற்பாடு செய்தவர் பென்ஷனர் சங்கத்துச் செயலாளர் பஷீர் பாய். பட்டப்பகல். ஹால் நிறைய ஆட்கள், ஆனால் ஒரு சத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். தங்கள் முறை வருவதற்கு முன்பே எல்லோரும் இமைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அத்தனை கண்ணும் மூடி மூடித் திறந்ததைப் பார்த்து எனக்கு முதுகு சில்லிட்டுவிட்டது.

"ஏன் பாய், வேலைக்குப் போற வயசுல ஒருத்தருமே இல்லையா இந்தக் காலனில?" என்றேன், பேச்சுச் சத்தமாவது கேட்கட்டுமே என்று. "இருக்காங்க, எல்லாம் கான்ட்ராக்ட்ல. சம்பளத்துல பென்ஷனுக்குப் பிடித்தமே கிடையாது" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பென்ஷன்ங்கறது பல்லக்கும்மா. வேலை செய்யறவன் தூக்கணும், ரிட்டயர் ஆனவன் உக்காரணும். இப்ப எல்லாரும் மேல உக்காந்திருக்கோம், பல்லக்கும் போயிட்டுத்தான் இருக்கு. கீழ யாரு தூக்கறான்னு குனிஞ்சு பாக்கத்தான் பயமா இருக்கு."

மஞ்சுநாத்தின் முகம்

நவம்பர் கடைசி நாள், கங்கப்பாவின் மகன் மஞ்சுநாத் போன் செய்தான். அப்பாவுக்குப் பக்கவாதம், வீட்டுக்கு வர முடியுமா என்றான். அப்பா ஓட்டின அதே மிஷினில்தான் இவனுக்கும் வேலை. என்ன, பன்னிரண்டு வருஷமாகக் கான்ட்ராக்ட். அப்பாவின் மருந்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் அந்தப் பென்ஷனை விட்டால் வேறு வழியில்லை.

கங்கப்பா கட்டிலில் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தார். போனை முகத்துக்கு நேரே பிடித்தேன். கண் திறந்தபடியே இருந்தது. "அப்பா, ஒரே ஒரு வாட்டிப்பா" என்று மகன் கெஞ்சினான். மருமகள் கையெடுத்துக் கும்பிட்டாள். மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவையும் ஆகவில்லை. திடீரென்று மஞ்சுநாத் போனைப் பிடுங்கித் தன் முகத்துக்கு நேரே வைத்தான். "டேய், என்னடா பண்ற?" என்று நான் கத்துவதற்குள் இமைத்துவிட்டான். ஸ்கிரீன் பச்சையானது. கங்கப்பாவின் பேரைப் போட்டு, "முகம் பொருந்தியது" என்று வந்தது. அவனுக்கு வயசு நாற்பதுதான். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, எதிரில் கங்கப்பாவே நிற்கிற மாதிரி இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், சப்மிட் பட்டனை அமுக்கிவிட்டுப் போய்விடலாம் என்று விரல் போனது. பிறகு மனசு கேட்காமல் கேன்சல் செய்தேன்.

திரும்பினால், கங்கப்பா விட்டத்தைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நிறைந்தது, இமைத்தார். சட்டென்று போனை நீட்டி எடுத்துவிட்டேன். சர்டிபிகேட் வந்துவிட்டது. வாசல் வரை வந்த மஞ்சுநாத் கேட்டான்: "அப்பா மூஞ்சி எனக்கு வந்துடுச்சு, பென்ஷன் வராதில்லக்கா? நாளைக்கு நான் படுத்துட்டா, நான் இமைச்சா என்ன, இமைக்காட்டி என்ன?"

அன்றிலிருந்து தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று நானும் ஒருதரம் இமைத்துப் பார்த்துக்கொள்கிறேன், பென்ஷனே இல்லாத சொந்தக் கடைக்காரியிடம் அதை எந்த அரசாங்கமும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும்.