டோலன் என்றொரு ஓப்டைக்

முழங்கால் நொறுங்கும்வரை எட்டு வருஷம் எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடியவன் ஹார்லன் ஓப்டைக். ஓஹயோ மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் யாருக்கும் தெரியாது.

நாங்களெல்லாம் வாரம் முழுக்க எஃகு உலையில் வெந்துவிட்டு ஞாயிறன்று எலும்பை முறித்துக்கொள்கிறவர்கள். அவன் மட்டும் கல்லூரி மாணவன். காசுக்கு ஆடுவது தெரிந்தால் கல்லூரியில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அதனால் மற்ற ஊர்க்காரர்கள் செய்வதுபோல நாங்களும் ஒரு பொய்ப்பெயர் வைத்தோம்: டோலன். யார் விசாரித்தாலும், ஓப்டைக் என்று இங்கே யாருமில்லை என்று சொல்லிவிடுவோம்.

பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் ஓடினால், காலைப் பிடித்தவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவான். ஊரே "டோலன்! டோலன்!" என்று அலறும். ஆட்டம் முடிந்ததும் எங்களோடு ஒரு பீர்கூடக் குடிக்காமல் தனியாக ரயிலடிக்கு நடப்பான். பாவமாக இருக்கும்.

படிப்பு முடிந்ததும் எங்கள் ஊரிலேயே அறை எடுத்துத் தங்கினான். "இனிமே சொந்தப் பேரையே போடுங்க," என்று மேலாளரிடம் கேட்டான்.

"ஜனங்க டோலனைப் பாக்க வர்றாங்க. ஓப்டைக்கை எவன்யா பாக்க வருவான்?"

அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

பந்தாட்டம் ஒரு பிழைப்பா என்று பேச்சையே நிறுத்திவிட்ட பண்ணைக்கார அப்பா ஒருநாள் வந்து பார்க்கவேண்டும், அவனுக்கு அது ஒன்றுதான் ஆசை. எங்கள் அணியில் ஆடுவதாக அவருக்கு எழுதினான். பொய்ப்பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு அதை மட்டும் விட்டுவிட்டான். பதிலே வரவில்லை.

ஒரு ஞாயிறு, ஆட்டம் முடிந்ததும் வாயில்காப்பாளன் கஸ் சிரித்துக்கொண்டே வந்தான். "டோலா, ஒரு பெரியவர் ஓப்டைக்னு கேட்டு வந்தாருப்பா. அப்படி ஆளே இல்லேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"அடப்பாவி, இவன் படிப்பு முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு!" என்று கத்தினேன்.

"வாய் பழகிப்போச்சுடா. ஆனா மனுஷன் உடனே போகல. ஜனங்க 'டோலன்! டோலன்!'னு அலறுறதை வேலிக்கு வெளியே நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. 'யாருப்பா அந்த டோலன்? பெத்தவன் குடுத்து வச்சவன்'னாரு."

ஹார்லன் சேற்று உடுப்போடு ரயிலடிக்கு ஓடினான்.

அப்பாவின் பண்ணைவரை போய்த் திரும்பி, பிறகு பயிற்சிக்கு வந்தபோது, "அப்பாகிட்ட சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். 'உன்னை அங்க யாருக்கும் தெரியலையே, அடுத்தவன் பிள்ளை வாங்கின பேரைத் திருடாதே'ன்னு கதவைச் சாத்திட்டாரு."